நாற்பத்து மூன்று பாவங்கள்

ஆரணியில் பாவு பிணைக்கத் தெரிந்தவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். ஆனால் சிக்கல் விழுந்த பாவு, எலி கடித்த பாவு, யாரோ கைமறதியாக இழை மாற்றிவிட்ட பாவு என்று வந்துவிட்டால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "மேரியக் கூப்பிடு."

சூசைமேரிக்கு ஐம்பத்தொரு வயது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள். தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள்தான் பாவு. ஒரு பாவு நெய்து முடிந்ததும், அதன் மிச்ச இழைகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்ப்பது அவள் தொழில். ஒரு பட்டுச் சேலைப் பாவில் நாலாயிரத்து எண்ணூறு இழை. விரல் நுனியில் சாம்பலைத் தொட்டு ஒரு முறுக்கு, ஒரு தேய்ப்பு, அடுத்த இழை. ஒன்றே ஒன்று இடம் மாறினாலும் சேலை நெடுகக் கோடு விழும். முப்பத்தைந்து வருடத்தில் அவள் கைபட்ட பாவில் கோடு விழுந்ததாக ஒருவரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவரை அவள் சும்மா விட்டிருக்கவும் மாட்டாள்.

அப்படிப்பட்டவள் ஒரு புத்தகம் எழுதினாள். கேட்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். நாள் முழுக்க அவளுக்குப் போன் வந்துகொண்டே இருக்கும். விழுது அறுந்துபோச்சு, ஜரிகை சுருளுது, கரை இழுக்குது, இன்னா பண்றதுக்கா? சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லி அவளுக்கு வாய் வலித்தது. "ஒரே தடவை எழுதி வெச்சிடும்மா, கேக்குறவங்களுக்கு அனுப்பிடலாம்" என்றாள் சென்னையில் கம்பெனி வேலையில் இருக்கும் மகள் சோபியா. எழுதுவதற்குக் கை எங்கே ஒழிந்தது? கைதான் பாவில் இருக்கிறதே. ஆகவே வாயால் எழுதினாள். போனை ஆணியில் தொங்கவிட்டு, இழை பிணைத்தபடியே அவள் பேசப் பேச, போன் அதை எழுத்தாக்கியது.

ஆரம்பத்தில் அந்தப் போன் கொடுத்த பேஜார் கொஞ்சநஞ்சமல்ல. அவள் 'பாவு' என்றால் அது 'பாவம்' என்று எழுதியது. "பாவம் இல்லடா பேமானி, பாவு!" என்று திட்டினால் அதையும் சேர்த்து எழுதிக்கொண்டது. சாயங்காலம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்துவாள். ஒரு மாதத்தில் போன் வழிக்கு வந்தது. எட்டு மாதத்தில் முப்பத்தொரு தறிக் கோளாறும் அவற்றுக்கான வைத்தியமும் சேர்ந்து 'இழை அறுந்தால்' என்ற மின்நூல் ஆயிற்று. சோபியா அட்டைப்படம் போட்டு இணையத்தில் ஏற்றினாள்.

அது போன தூரத்தைச் சூசைமேரியே எதிர்பார்க்கவில்லை. எந்தெந்த ஊரிலிருந்தோ நெசவாளர்கள் கூப்பிட்டார்கள். தேவிகாபுரத்தில் தென்னரசு என்று ஒரு பையன். அப்பா அம்மா கூலி வேலைக்குப் போனவர்கள், அந்தக் குடும்பத்திலேயே முதல் தறி அவன் போட்டதுதான். அவன் போனைத் தறிக்கட்டையில் கட்டிவைத்து, படத்தை விரலால் பெரிதாக்கி முடிச்சைப் பார்த்துப் பார்த்தே வேலை செய்தான். சித்திரையில் அவன் ஒரு சந்தேகம் கேட்டான். கேட்டது நியாயம்தான், அவள் ஒரு வரியை விட்டிருந்தாள். சோபியாவிடம் சொன்னாள். அன்று மாலைக்குள் உலகத்தில் இருக்கிற எல்லாப் பிரதியிலும் அந்த வரி ஏறிவிட்டது. இந்த வித்தை அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

ஆனால் தென்னரசுக்கும் ஒரு குறை இருந்தது. "எந்தப் பக்கம்னு சொல்லத் தெரிலங்க்கா. எழுத்தப் பெருசாக்குனா பக்கமே மாறிப்பூடுது. நீங்க ஒரு நம்பர் சொல்றீங்க, என்னுதுல வேற நம்பர் வருது" என்பான்.

பெரிய குறை ஊருக்குள் இருந்தது. எதிர்ப்பக்கம் உட்கார்ந்து அவளோடு பாவு பிணைக்கும் கூட்டாளி சின்னம்மா, "புக்கு போட்டியாமே, எங்க, காட்டு" என்று கையை நீட்டினாள். சூசைமேரி போனை எடுத்து வைத்தாள். அதற்குள் ஒரு கால் வந்தது. பேசி முடித்துத் திரும்ப எடுத்தால், பாஸ்வேர்டு போடு என்றது. போட்டதும் சார்ஜ் தீர்ந்து கறுத்துப்போனது. சின்னம்மா நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, "நல்லாத்தான் கீது" என்றாள். அவள் முகத்தைப் பார்த்தால் திருப்பதிக்குப் போய்ச் சாமி பார்க்காமல் திரும்பியவள் மாதிரி இருந்தது.

அதையும் விடலாம். சூசைமேரியின் மனதில் முள்ளாகக் கிடந்தது அவள் தம்பி ராபர்ட் சொன்னதுதான்.

ராபர்ட் பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர். அவன் படிக்கட்டும் என்றுதான் இவள் எட்டாவதோடு பாவில் உட்கார்ந்தாள். அதை ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. சின்ன வயதில் அவனைக் கைபிடித்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவாள். அவன் வெள்ளைச் சட்டையில் இவள் விரலின் சாம்பல் ஒட்டியிருக்கும். 'பாவுக்காரி தம்பி, பாவுக்காரி தம்பி' என்று பையன்கள் கேலி செய்ய, அவன் சண்டை போட்டு உதடு கிழிந்து வருவான். இன்றைக்கும் சக ஆசிரியர்கள் எதிரே வந்தால், "எங்க அக்கா. டெக்ஸ்டைல் லைன்ல இருக்காங்க" என்றுதான் அறிமுகம் செய்வான். அவனும் இரண்டு கவிதைப் புத்தகம் போட்டிருக்கிறான். பாதிக்கு மேல் கட்டுப் பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது, இருந்தாலும் புத்தகம் புத்தகம்தானே. அக்காவின் மின்நூலைப் பற்றிச் சொன்னபோது அவன், "நல்லதுக்கா. ஆனா கைக்குப் பிடிபடாததுக்குப் பேர் புக்கா?" என்று கேட்டான். ஒரு பக்கம்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை. ஊர் உலகமெல்லாம் படித்துவிட்டது, தம்பி படிக்கவில்லை. அவன் படித்துவிட்டு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்பதுதான் அவள் ஆசை.

இந்த நேரத்தில் ஆரணி வாசகர் கூடத்தின் ஆண்டுக் கூட்டம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, கல்யாண மண்டபத்தில். 'நம் ஊர் எழுத்தாளர்கள் மேசை' என்று ஒன்று போடுவார்கள். சூசைமேரி செயலாளருக்குப் போன் செய்தாள். "ஈ-புக்கு சந்தோஷம்மா. ஆனா மேசை மேல வெக்கிறதுக்கு ஏதாச்சும் வேணுமே" என்றார் அவர். அவர் சொன்னதில் தப்பில்லை.

"அச்சுல ஏறாத பாவு தறிக்கு ஆவுமா? நீயும் அச்சுல ஏத்திடு மேரி" என்றாள் சின்னம்மா. தறியில் இழைகளை வரிசை கலையாமல் பிடித்து நிற்கும் சீப்புக்கும் அச்சு என்றுதான் பெயர். அவள் எந்த அச்சைச் சொன்னாளோ, சூசைமேரிக்கு அது சரியென்று பட்டது. நூறு பிரதி போடுவது என்று முடிவாயிற்று. வேலூரில் தனக்குத் தெரிந்த அச்சகம் இருக்கிறது, மெய்ப்பும் தானே பார்த்துவிடுகிறேன் என்று ராபர்ட் தானாக முன்வந்தான். அன்றைக்கு அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மெய்ப்புப் பார்க்க வேண்டும் என்றால் படித்துத்தானே ஆக வேண்டும்!

கூட்டத்துக்கு முதல் நாள், சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, ராபர்ட் வண்டியில் கட்டு வந்து இறங்கியது. தறியில் இருந்த கணவர் சத்தியராஜ் எழுந்து வந்து கயிற்றை அறுத்தார். சூசைமேரி கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு முதல் புத்தகத்தை எடுத்தாள். கனமாக இருந்தது. மைவாசனை அடித்தது. சோபியா போட்ட அட்டை பளபளவென்று இருந்தது. உள்ளே முதல் பக்கத்தின் கீழே, 'மெய்ப்புத் திருத்தம்: புலவர் த. ராபர்ட், எம்.ஏ., பி.எட்.' என்று போட்டிருந்தது. பெருமையோடு பக்கத்தைத் திருப்பினாள்.

'நல்ல பாவம் அமைந்தால் பாதிச் சேலை நெய்த மாதிரி.'

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தாள். அடுத்த பக்கம்: 'ஈரக் கையோடு பாவம் தொடக் கூடாது.' அதற்கடுத்து: 'புதுப் பாவம் ஏற்றும் நாளில் எங்கள் வீட்டில் கேசரி கிண்டுவோம்.'

சத்தியராஜ் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "'பாவம் அறுந்தால் பதற வேண்டாம், நிதானமாகப் பிணைத்துக்கொள்ளலாம்.' பங்குச் சாமியார் படிச்சார்னா நம்ம கதி இன்னா மேரி?" என்றார். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவளுக்கு அழுகை வந்தது.

அச்சகத்துக்குப் போன் போட்டாள். கம்ப்யூட்டரில் பக்கம் கட்டிய டயானா என்ற பெண்தான் எடுத்தாள். அவளுடைய அன்றாட வேலை கோயில் பத்திரிகையும் நவநாள் ஜெபத் தாளும். "பாவுன்னு சிவப்புக் கோடு காட்டிச்சுங்க. பாவம்னு எழுத வந்து பாதியில வுட்டுட்டீங்கன்னு நெனச்சுகினு எல்லாத்தையும் ஒரே அடியா மாத்திட்டேங்க. ஆனா அக்கா, ப்ரூஃப் குடுத்து அனுப்பிச்சேனே. 'முழுவதும் படித்தேன், அச்சிடலாம்'னு சார் கையெழுத்துப் போட்டுத் தந்தாருங்களே."

சூசைமேரி போனை வைத்துவிட்டுத் தம்பியைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"முதல் வரியிலயே கீதுடா. முதல் வரி."

"படிக்கலக்கா." "தறி ரிப்பேர் புக்குதானே, இன்னா தப்பு வந்துடப் போவுதுன்னு… கையெழுத்துப் போட்டுட்டேன்."

பிழை அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. இந்தச் சொல்தான் நெஞ்சில் இறங்கியது. இதற்கு அவன் போனில் படிக்க மாட்டேன் என்று சொன்னதே தேவலாம் என்று நினைத்தாள்.

சோபியாவைக் கூப்பிட்டாள். "ஈ-புக்கா இருந்தா பத்து நிமிஷத்துல மாத்திடுவேம்மா. அச்சுல ஏறுனத நான் இன்னா பண்ண முடியும்?" என்றாள் மகள். திரும்ப அச்சடிக்க ஒரு வாரம் ஆகும் என்று டயானா சொல்லியிருந்தாள். ராபர்ட் மெல்ல, "பிழைதிருத்தம்னு ஒரு சீட்டு அடிச்சு உள்ள வெச்சிடலாம்கா. பெரிய பெரிய புக்குலயே வெப்பாங்க" என்றான்.

அவ்வளவுதான், சூசைமேரிக்கு அழுகை நின்று கோபம் ஏறிவிட்டது. "சேலையில கோடு வுழுந்தா சீட்டு எழுதிக் குடுப்பியாடா? கட்டிக்கிறவ முந்தானையில குத்திகினு போவாளா?"

போனை எடுத்தாள். தன் மின்நூலைத் திறந்து, தேடும் இடத்தில் 'பாவு' என்று போட்டாள். கண்மூடித் திறப்பதற்குள் பட்டியல் வந்தது. பாவை, பாவில், பாவின் என்று உருமாறி நின்றவை டயானாவின் கைக்குத் தப்பிவிட்டன. தனியாக நின்ற பாவுதான் பாவமாகியிருந்தது. நாற்பத்து மூன்று இடம். அச்சுப் புத்தகம் ஒன்றை எடுத்து, பட்டியலைப் பார்த்துப் பார்த்து எல்லா இடத்தையும் குறித்தாள். பிறகு கணக்குப் போட்டாள். நூறு புத்தகம், நாற்பத்து மூன்று இடம். நாலாயிரத்து முந்நூறு.

"ஒரு பாவுகூட இல்லியே!" என்றாள் சத்தமாக. முகம் தெளிந்துவிட்டது.

பத்து மணிக்குள் சின்னம்மாவும், பூங்காவனமும், காத்தாயியும் வந்துவிட்டார்கள். எல்லோருமே பாவு பிணைக்கிறவர்கள். விஷயத்தைக் கேட்டதும் சின்னம்மா, "உங்க கோயில்ல பாவத்தச் சாமியார் காதுல சொன்னா தீந்துடுமாமே. இந்த நாப்பத்து மூணயும் அவுரு காதுல போட்டுட்டு வாயேன்" என்றாள். சிரிப்பு அடங்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. கறுப்புப் பேனா ஆளுக்கு ஒன்று. சின்னம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், ஆனால் வேலையை அவள்தான் முதலில் பிடித்துக்கொண்டாள். "புள்ளி வெச்ச எழுத்த வெட்டணும், அதுக்கு முந்தினதுக்கு ஒரு வால் இழுக்கணும். அவ்ளோதானே? ஜல்தி ஆவட்டும்."

பாவு பிணைக்கிற முறையில்தான் நடந்தது வேலை. சூசைமேரி நடுவில் உட்கார்ந்து குறித்துவைத்த புத்தகத்தைப் பார்த்துச் சொல்வாள்: "பதினேழாம் பக்கம், மூணாவது வரி." எல்லோரும் திருப்புவார்கள். ஒரு வெட்டு, ஒரு வால், அடுத்த புத்தகம். ஒருவர் விட்டதை அடுத்தவர் பார்த்து எடுப்பார். தென்னரசின் போனில் நழுவிக்கொண்டே இருந்த பக்க எண் இங்கே ஆணி அடித்தாற்போல் நின்றது. எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் பதினேழாம் பக்கம் பதினேழாம் பக்கமாகவே இருந்தது. நூறு இடம் முடிந்ததும் ஒரு தரம் விரலை நெட்டி முறித்துக்கொள்வது, இரண்டு மணிக்கு ஒரு டீ, அதற்கு மேல் பேச்சில்லை.

ராபர்ட் வாசலில் வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். யாரும் அவனைப் போ என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. கடைசியில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சின்னம்மாவுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். முதல் பத்துப் புத்தகம் வரைக்கும் வெட்டினான், வால் இழுத்தான். அதற்குப் பிறகு அவன் கை மெதுவாயிற்று. வெட்டிய வரிக்கு முன்வரியும் பின்வரியும் அவன் கண்ணில் பட ஆரம்பித்திருந்தன. பிறகு பேனாவை மூடிவிட்டு ஒரு புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு முதலிலிருந்து படித்தான்.

"அக்கா" என்றான் ஒரு மணி நேரம் கழித்து. "மழைக்காத்துக்குப் பட்டு நமுத்துப்போனா தறிக்குழியில கரித்தணல் சட்டி வெக்கணும்னு இருவத்தி ரெண்டாம் பக்கத்துல எழுதிகிறியே. நாம சின்னப் பசங்களா இருக்கச்சே அப்பா அதுக்குத்தான் வெச்சாரா? குளிருக்கு வெக்கிறார்னு நெனச்சுகினு நான் குழி ஓரம் போய் உக்காந்துக்குவேனே."

"உனுக்குன்னு நெனச்சியா? பட்டுக்குடா" என்றாள் சூசைமேரி. அறையே சிரித்தது. அவனும் சிரித்தான். அவளுக்குள் ஏதோ ஒரு சிக்கல் அவிழ்ந்த மாதிரி இருந்தது. அவன் படிக்கிறான், இருபத்திரண்டாம் பக்கம் வரைக்கும் வந்துவிட்டான்.

வெயில் தாழ்வதற்குள் நாலாயிரத்து முந்நூறும் முடிந்தது. "கடைசியா நான் ஒரு தடவ எல்லாத்தையும் பாத்துட்டு, நாளைக்கு மண்டபத்துக்கு எடுத்துகினு வந்துடறேன்" என்று ராபர்ட் கட்டைத் தூக்கினான். சத்தியராஜ் மனைவியைப் பார்த்தார். "எடுத்துகினு போ" என்றாள் அவள்.

ஞாயிறு மாலை மண்டபத்தில் வெள்ளைத் துணி விரித்த மேசை. எழுத்தாளர்கள் ஏழெட்டுப் பேர். எல்லோருடைய புத்தகமும் நலுங்காமல் இருந்தது. சூசைமேரியின் புத்தகத்தில் மட்டும் எங்கே பார்த்தாலும் பேனாக் கோடு. கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் புரட்டிப் பார்த்து, "இன்னாம்மா, புதுப் புக்குல ஒரே கிறுக்கலா கீது?" என்று கேட்டார்.

"கிறுக்கல் இல்லீங்க, கைவேலை" என்றாள் சூசைமேரி, தலையை நிமிர்த்தி. "மிஷின் போட்ட தப்ப நாலு பாவுக்காரிங்க உக்காந்து எடுத்திருக்கோம். ஒரு எடம் வுட்டுப்போயிருந்தா காட்டுங்க, புக்க சும்மாவே எடுத்துகினு போங்க."

பெரியவர் நின்று நிதானமாகத் தேடினார். கிடைக்கவில்லை. வாங்கிக்கொண்டு போனார். அதைப் பார்த்து அடுத்தவரும் தேடினார். சின்னம்மா தனக்கு ஒன்றை எடுத்து, எவரும் கேட்காமலே, "இதுல இருக்கிற வால் எல்லாம் நான் இழுத்தது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தாள். இந்த முறை அவள் கை வெறுமனே மடங்கவில்லை.

தேவிகாபுரம் பஸ்ஸில் வந்து இறங்கிய தென்னரசு நேரே மேசைக்கு வந்தான். "போன்ல கீதுங்க்கா, ஆனா இதுவும் வேணும். ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க. போன்ல அது வராதே" என்றான்.

சூசைமேரி வாழ்க்கையில் முதல்முறையாகப் புத்தகத்தில் கையெழுத்துப் போட முதல் பக்கத்தைத் திறந்தாள். கீழே இருந்த வரியில் சிவப்பு மை தெரிந்தது, வாத்தியார் பேனா. 'மெய்ப்புத் திருத்தம்' என்பதற்குப் பக்கத்தில் புலவர், எம்.ஏ., பி.எட். எல்லாம் நேர்கோடாக அடிக்கப்பட்டிருந்தன. அதற்கு மேலே, கரும்பலகையில் எழுதுகிற அதே முத்தான கையெழுத்தில், 'பாவுக்காரி தம்பி ராபர்ட்' என்று எழுதியிருந்தது.

இன்னொரு புத்தகத்தைத் திறந்தாள். அதிலும் இருந்தது. அடுத்ததிலும் இருந்தது. வாங்கிக்கொண்டு போன பெரியவரை ஓடிப்போய் நிறுத்தி அவர் கையிலிருந்ததையும் திறந்து பார்த்தாள். நூறிலும் எழுதியிருந்தான்.

ராபர்ட் தன் பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் நாலு பேரை அழைத்துக்கொண்டு மேசையை நோக்கி வந்துகொண்டிருந்தான். இவள் கையில் திறந்திருந்த பக்கத்தைப் பார்த்ததும் ஒரு கணம் தயங்கி நின்றான், பிறகு வந்தான்.

"எங்க அக்கா" என்றான் அவர்களிடம். "பாவு பிணைக்கிறாங்க."

சூசைமேரிக்குக் கண் நிறைந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு தென்னரசின் புத்தகத்தில் கையெழுத்தைப் போட்டு முடித்தாள். பிறகு தம்பியிடம் சொன்னாள்: "டயானா கிட்ட சொல்லிடு. அடுத்த தடவ அடிக்கச்சே அந்த நாப்பத்து மூணயும் சரியா அடிக்கட்டும். இந்த செவப்பு மை வரிய மட்டும் அப்படியே அச்சுல ஏத்தச் சொல்லு."